ஒரே புற்றுநோய், ஒரே மருந்து, பலன் மட்டும் ஏன் வேறு? மரபணுவும் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகிச்சை தொடங்கப்போகும் வாரத்தில் நோயாளிக்கும் வீட்டாருக்கும் எதையும் நிதானமாகக் கேட்க நேரம் இருக்காது. அந்த அவசரத்தில் மருத்துவர் ஒரு மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார், அல்லது அந்தப் பேச்சே வராமல் போகும். இரண்டு நிலையிலும் மனத்தில் எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முடிவெடுக்க வேண்டியது உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்துதான். அங்கே போகும்போது நல்ல கேள்விகளோடு போக இது உதவும்.

இரண்டு பேருக்கும் ஒரே புற்றுநோய், ஒரே மருந்து. ஒருவருக்குக் கட்டி கரைகிறது, இன்னொருவருக்கு அசையவே இல்லை. எப்படி?

மார்பகப் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் என்ற பெயர்கள் நோய் எந்த உறுப்பில் தொடங்கியது என்பதை மட்டுமே சொல்கின்றன. எந்த மரபணு கெட்டதால் அந்த செல் கட்டுப்பாட்டை இழந்தது என்று பெயரில் இருக்காது. ஒரே பெயர் கொண்ட இரண்டு கட்டிகள் உள்ளுக்குள் இரண்டு வேறு நோய்களாக இருக்கலாம்.

அப்புறம், மருந்து கட்டிக்குள் மட்டும் போவதில்லை. உடம்பு முழுக்கப் போகிறது. கல்லீரல் அதைச் சிதைக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சிதைக்கும் வேலையைச் செய்யும் நொதிகளின் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்த வேகத்தையும் மரபணுக்கள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

ஆக, ஒரு புற்றுநோயாளியிடம் பார்க்க வேண்டிய மரபணுத் தொகுப்புகள் இரண்டு. பெற்றோரிடமிருந்து பிறக்கும்போதே வந்தது ஒன்று. அது எல்லா செல்களிலும் இருக்கும். கட்டி வளர வளர அதற்குள் மட்டும் சேர்ந்த மாற்றங்களைக் கொண்டது இன்னொன்று. எந்த மருந்து கட்டியைத் தாக்கும் என்பதைப் பெரும்பாலும் கட்டியின் மரபணு சொல்லும். அந்த மருந்தை எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்பதற்குப் பிறவி மரபணுவிடம் போக வேண்டும். முதல் கேள்விக்குத்தான் எல்லோரும் பரிசோதனை செய்கிறார்கள். இரண்டாவது கேள்வி பல நேரங்களில் கேட்கப்படுவதே இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அந்த இரண்டாவது கேள்விதான்.

வயது, சிறுநீரகத்தின் நிலை, கூடவே சாப்பிடும் வேறு மாத்திரைகள், நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பவையும் பலனை மாற்றும். மரபணுவே எல்லாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதை ரத்தத்தில் பார்க்கிறார்கள், எதைக் கட்டியில் பார்க்கிறார்கள்?

பிறவி மரபணுவுக்குக் கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ போதும். கட்டியின் மரபணுவுக்கு பயாப்ஸியில் எடுத்த திசு வேண்டும். கட்டியிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடும் பரிசோதனையும் இருக்கிறது. திரவ பயாப்ஸி என்கிறார்கள். அதில் மாற்றம் தென்பட்டால் நம்பலாம். தென்படாவிட்டால் மாற்றமே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, கட்டி போதுமான துணுக்குகளை உதிர்க்காமலும் இருந்திருக்கலாம்.

கட்டியின் மரபணுவைப் பார்த்து மருந்து கொடுப்பது எங்கே நிரூபணமானது?

இதற்கு இரண்டு கதைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது ரத்தப் புற்றுநோயில் நடந்தது. 1960-ல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் இருவரும் நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். அது எப்படி வந்தது என்பதை 1973-ல் ஜேனட் ரவ்லி கண்டறிந்தார். 9-வது, 22-வது குரோமோசோம்கள் தங்கள் நுனிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தன. அந்த ஒட்டில் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற புது மரபணு உருவாகி, "பெருகு, பெருகு" என்று செல்லுக்கு ஓயாமல் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டளையை அடைக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளில் உயிரைப் பறித்துவந்த நோயோடு இன்று பலர் ஏறக்குறைய இயல்பான ஆயுள் வாழ்கிறார்கள்.

இரண்டாவது கதை நுரையீரல் புற்றுநோயில். ஜெஃபிட்டினிப் என்ற மாத்திரை வந்த புதிதில் மருத்துவர்கள் குழம்பிப்போனார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பலன் இல்லை. பத்தில் ஒருவர் போன்ற சிலருக்கு மட்டும் கட்டி மளமளவென்று சுருங்கியது. அந்தச் சிலரில் புகைபிடிக்காதவர்கள், பெண்கள், கிழக்காசியர்கள் அதிகம் இருந்தார்கள். 2004-ல் விடை கிடைத்தது. அவர்களுடைய கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாறியிருந்தது. 2009-ல் வெளியான ஐபாஸ் ஆய்வு இதை உறுதிசெய்தது. மாற்றம் இருந்தவர்களுக்கு மாத்திரை கீமோவைவிட நன்றாக நோயை அடக்கியது. மாற்றம் இல்லாதவர்களுக்கோ அதே மாத்திரை கீமோவைவிட மோசமாக இருந்தது.

அந்தக் கடைசி வரியில் கொஞ்சம் நில்லுங்கள். பரிசோதிக்காமல் "கொடுத்துத்தான் பார்ப்போமே" என்று புது மருந்தைத் தொடங்குவதில், பலிக்கக்கூடிய வேறு சிகிச்சைக்கான காலம் கைவிட்டுப் போகும் ஆபத்து இருக்கிறது.

பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கும் எனக்கும் பெருங்குடல் புற்றுநோய்தான். அவருக்குக் கொடுக்கும் ஊசியை எனக்கு ஏன் தரவில்லை?

அது செட்டுக்சிமாப் போன்ற மருந்தாக இருந்தால், காரணம் பெரும்பாலும் கே-ராஸ் மரபணு. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் இ.ஜி.எஃப்.ஆரை ஒரு சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊசி அந்த சுவிட்சை அணைக்கிறது. கே-ராஸ் அந்த சுவிட்சிலிருந்து உள்ளே ஓடும் கம்பி. கம்பியே பழுதாகி மின்சாரம் நேரடியாகப் பாய்ந்துகொண்டிருந்தால், சுவிட்சை அணைத்து என்ன பயன்? பெருங்குடல் புற்றுநோயில் சுமார் 40 சதவீதக் கட்டிகளில் இந்த மாற்றம் இருக்கிறது. அவர்களுக்கு அந்த ஊசியால் தோல் தடிப்பும் அலைச்சலும்தான் மிச்சம். உங்களுக்கு அதைத் தராதது புறக்கணிப்பு அல்ல, மருத்துவர் உங்கள் ரிப்போர்ட்டைப் படித்திருக்கிறார்.

மார்பகப் புற்றுநோயில் டிராஸ்டுசுமாப் ஊசியும் இப்படித்தான். 1998 முதல் புழக்கத்தில் இருக்கும் நல்ல மருந்து. ஆனால் ஹெர்2 மரபணு அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும் 15 முதல் 20 சதவீதம் பேருக்கே அது பொருந்தும்.

ஒரே மரபணு மாற்றம் என்றால் எந்த உறுப்பாக இருந்தாலும் ஒரே மருந்து கேட்குமா?

சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் பாதிப் பேருக்கு பிராஃப் மரபணு மாறியிருக்கும். அதை அடைக்கும் மாத்திரை கொடுத்தால் கட்டி வேகமாகச் சுருங்குகிறது. அதே மாற்றம் பெருங்குடலில் இருந்தால் அந்த மாத்திரை தனியாக எதுவும் செய்வதில்லை. குடல் செல் உடனே இ.ஜி.எஃப்.ஆர். வழியைத் திறந்து தப்பித்துக்கொள்கிறது. அது தெரிந்த பிறகுதான் இரண்டு வழிகளையும் சேர்த்து அடைக்கும் கூட்டு மருந்து வந்தது.

பி.ஆர்.சி.ஏ. மாற்றம் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. இது முழுக்கக் கெட்ட செய்திதானா?

முழுக்க இல்லை. பிறவியிலேயே இந்த மாற்றம் இருப்பவர்களுக்கு மார்பகம், சூலகம், கணையம், புராஸ்டேட் ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் வந்துவிட்ட புற்றுநோய்க்கு அதே குறையே பலவீனமாகவும் ஆகிறது.

பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக்களின் வேலை, உடைந்த டி.என்.ஏ.வைப் பழுதுபார்ப்பது. கட்டியில் அந்த வேலை நின்றுபோனதால், அது இன்னொரு பழுதுபார்க்கும் வழியான பார்ப் நொதியை நம்பிப் பிழைக்கிறது. அந்த இரண்டாவது வழியையும் அடைத்தால் கட்டி செல் உடைசல் தாங்காமல் சாகிறது. நல்ல செல்லில் முதல் வழி ஓரளவு இயங்குவதால் அது பிழைக்கிறது. 2005-ல் ஆய்வகத்தில் தெரியவந்த இந்த உண்மை, 2014-ல் ஓலாபாரிப் மாத்திரையாக சூலகப் புற்றுநோயாளிகளின் கைக்கு வந்தது. டி.என்.ஏ.வை உடைக்கும் சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகளும் இவர்களுக்குக் கூடுதலாகவே வேலை செய்கின்றன.

சரி, பக்கவிளைவுகளுக்கு வருவோம். ஒரே கீமோ ஒருவரை நடமாட விடுகிறது, இன்னொருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புகிறது. இதிலும் மரபணுவா?

பல நேரங்களில் ஆம். இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல ஆசை.

5-ஃப்ளூரோயூராசில் என்ற ஊசியும், அதன் மாத்திரை வடிவம் போன்ற கேப்சைட்டபினும் பெருங்குடல், வயிறு, மார்பகப் புற்றுநோய்களில் உலகெங்கும் கொடுக்கப்படுகின்றன. உடம்புக்குள் போகும் 5-ஃப்ளூரோயூராசிலில் 80 சதவீதத்துக்கும் மேல் டி.பி.டி. என்ற ஒரே நொதியால், முக்கியமாகக் கல்லீரலில், சிதைக்கப்படுகிறது. அந்த நொதியைத் தயாரிக்கும் மரபணுவின் பெயர் டி.பி.ஒய்.டி. அதில் குறை இருந்தால், மற்றவர்களுக்குச் சரியான டோஸ் அவருக்கு அளவுக்கு மீறிய டோஸ். வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாது, வயிற்றுப்போக்கு நிற்காது, வெள்ளை அணுக்கள் சரிந்து தொற்று பிடித்துக்கொள்ளும். உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. ஐரோப்பிய மக்களில் நூற்றுக்கு 3 முதல் 8 பேர் வரை இந்த நொதியில் ஓரளவு குறை உள்ளவர்கள். முழுமையாக இல்லாதவர்கள் மிக அரிது, ஆனால் அவர்களுக்கு முதல் டோஸே ஆபத்து.

இந்தக் குறை இருப்பவருக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. முதல் கீமோ வரை நல்ல ஆரோக்கியமாக இருந்திருப்பார். அதனால்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறேன். ஐரோப்பிய மருந்து முகமை 2020 முதல் இந்த மருந்துகளைத் தொடங்கும் முன் பரிசோதிக்கப் பரிந்துரைக்கிறது. குறை தெரிந்தால் பாதி டோஸில் தொடங்கலாம், அல்லது வேறு மருந்துக்கு மாறலாம். ஒரு ரத்தப் பரிசோதனையால் தடுக்கக்கூடிய துன்பத்தை ஒருவர் அனுபவிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. வழக்கமாகப் பார்க்கும் நான்கு மாற்றங்கள் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்டறியப்பட்டவை. மற்ற மக்களிடம் வேறு மாற்றங்கள் இருக்கக்கூடும் என்பதால், "இயல்பு" என்று வந்த ரிப்போர்ட் முழு உத்தரவாதம் ஆகாது. ரத்தத்தில் யூராசில் அளவைப் பார்த்து நொதியின் வேலையை நேரடியாகக் கணிக்கும் முறையும் இருக்கிறது. எப்படியானாலும், கீமோ தொடங்கிய சில நாட்களிலேயே கடுமையான வாய்ப்புண்ணோ பேதியோ வந்தால் அடுத்த வருகை வரை காத்திருக்காதீர்கள். இதற்கான மாற்று மருந்தான யூரிடின் டிரைஅசிடேட்டை மருந்து ஏற்றி முடித்த 96 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

இது போல வேறு மருந்துகளும் உண்டா?

உண்டு. இரினோடெக்கான் மருந்தை வெளியேற்றும் நொதிக்கு யு.ஜி.டி.1ஏ1 என்ற மரபணு பொறுப்பு. அது மந்தமானவர்களுக்குக் கடும் பேதியும் வெள்ளை அணுச் சரிவும் கூடுதலாக வரும். ஒரு துப்பு சொல்கிறேன்: பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ கண் லேசாக மஞ்சளாகும், கல்லீரலில் நோய் எதுவும் இல்லை என்பார்கள். கில்பர்ட் நோய்க்குறி எனப்படும் இது அதே மரபணுவின் வேலை. உங்களுக்கு அப்படி இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் மாதக்கணக்கில் மெர்கேப்டோபியூரின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதை டி.பி.எம்.டி., என்.யு.டி.டி.15 என்ற இரண்டு மரபணுக்கள் கவனித்துக்கொள்கின்றன. ஐரோப்பியர்களில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு முதல் மரபணு தயாரிக்கும் நொதி அறவே வேலை செய்யாது. ஆசியக் குழந்தைகளில் பிரச்சினை பெரும்பாலும் இரண்டாவது மரபணுவில். 2014-ல் கொரிய ஆய்வாளர்கள் அதைக் கண்டறியும் வரை, டி.பி.எம்.டி. சரியாக இருந்தும் சில ஆசிய நோயாளிகளின் வெள்ளை அணுக்கள் ஏன் சரிகின்றன என்பது புரியாமலே இருந்தது.

கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும் துணை மருந்துகளிலும் கவனம் தேவை. கட்டி வேகமாகச் சிதையும்போது கூடும் யூரிக் அமிலத்தைக் குறைக்க ராஸ்புரிகேஸ் கொடுப்பார்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். மலேரியா காலம்காலமாக இருந்த நிலப்பகுதி மக்களிடம் இந்தக் குறைபாடு அதிகம்.

டோஸைக் குறைத்தால் புற்றுநோய் தப்பித்துக்கொள்ளாதா?

நியாயமான பயம். ஆனால் இங்கே குறைப்பது மருந்துச் சீட்டில் இருக்கும் எண்ணைத்தான், கட்டியைச் சேரும் மருந்தை அல்ல. மருந்தை மெதுவாகச் சிதைக்கும் உடம்பில், பாதி டோஸ் கொடுத்தாலும் ரத்தத்தில் இருக்கும் அளவு மற்றவர்களின் முழு டோஸுக்கு ஏறக்குறைய சமமாக வந்துவிடும். டி.பி.எம்.டி. அறவே இல்லாத குழந்தைகளுக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு போதுமாக இருக்கிறது. உடம்பு நன்றாகத் தாங்கினால் படிப்படியாகக் கூட்டவும் செய்வார்கள்.

மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் மாத்திரை எடுப்பவர்கள் சி.ஒய்.பி.2டி6 மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

இதில் வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இந்த மரபணு தயாரிக்கும் நொதிதான் டாமாக்சிஃபெனை வீரியமான வடிவமாக மாற்றுகிறது. ஆனால் நொதி மந்தமானவர்களுக்கு நோய் திரும்புவது கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் முரண்படுகின்றன. பரிசோதனையைவிட எளிதான காரியம் ஒன்று இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பராக்செட்டின், ஃப்ளுவோக்செட்டின் மாத்திரைகள் இதே நொதியை அடைக்கும். அவற்றை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லி மாற்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நம் எதிர்ப்பு சக்தியையே கட்டிக்கு எதிராகத் திருப்பும் இம்யூனோதெரபி யாருக்குக் கேட்கும் என்பதையும் மரபணு சொல்லுமா?

ஓரளவு. டி.என்.ஏ. நகலெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் சில கட்டிகளில் கெட்டிருக்கும். பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிந்து, கட்டி நம் எதிர்ப்பு சக்தியின் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியத் தொடங்கும். 2017-ல் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்துக்கு, எந்த உறுப்பில் தொடங்கிய புற்றுநோயாக இருந்தாலும் இந்தக் குறை இருந்தால் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உறுப்பைப் பார்க்காமல் மரபணு அடையாளத்தை மட்டும் பார்த்துக் கொடுத்த முதல் அனுமதி அது. 2022-ல் நியூயார்க்கில் இருந்து வெளியான சிறு ஆய்வில், இதே குறை கொண்ட மலக்குடல் புற்றுநோய் வந்து டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் கட்டி முழுவதும் மறைந்தது. அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் என்றால் பிழை திருத்தும் மரபணுக்களுக்கான இந்தப் பரிசோதனை முடிவை சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

நேர் எதிரான நிலையும் உண்டு. இ.ஜி.எஃப்.ஆர். மாறிய நுரையீரல் புற்றுநோயில் இம்யூனோதெரபி அவ்வளவாகக் கேட்பதில்லை. அதை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு இ.ஜி.எஃப்.ஆரை அடைக்கும் ஓசிமெர்ட்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. அவசரம் என்றாலும் மரபணு முடிவு வரும்வரை பொறுத்திருப்பது இங்கே உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். பொறுக்கவே முடியாத நிலை என்றால், இம்யூனோதெரபியைத் தள்ளிவைத்துவிட்டு கீமோவை மட்டும் தொடங்குவதும் ஒரு வழி.

ஒன்றரை வருடம் நன்றாகக் கேட்ட மாத்திரை இப்போது கேட்கவில்லை. தவறு எங்கே?

நீங்கள் எதுவும் தவறு செய்யவில்லை. ஒரு கட்டியில் இருக்கும் கோடிக்கணக்கான செல்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. மருந்துக்கு அடங்கும் செல்கள் சாக, அடங்காத சில மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரைகள் கைவிட்ட நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கட்டியில் டி790எம் என்ற புது மாற்றம் தென்பட்டது. அதையும் அடக்கும் ஓசிமெர்ட்டினிப் 2015-ல் வந்தது. அதனால் நோய் மறுபடி வளரும்போது பழைய ரிப்போர்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். புதிதாக பயாப்ஸி அல்லது திரவ பயாப்ஸி செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

"முக்கியத்துவம் தெளிவாகாத மாற்றம்" என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதே?

அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது, அறுவை சிகிச்சை முடிவு நிச்சயமாகக் கூடாது. இப்படிக் குறிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிறகு தீங்கற்றவை என்றே தெரியவருகின்றன. ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்களுக்கு இந்த வரி அடிக்கடி வருவதற்குக் காரணம், உலக மரபணுத் தரவுகளில் அவர்கள் மிகக் குறைவாக இருப்பது. இது சரிசெய்யப்பட வேண்டிய அநீதி. ஓரிரு வருடத்துக்கு ஒரு முறை அந்த மாற்றத்தை மறு ஆய்வு செய்தார்களா என்று பரிசோதனைக் கூடத்திடம் கேட்டுப் பாருங்கள்.

மருந்துக்கு ஏற்ற மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை என்கிறார்கள். அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, வழக்கமான கீமோ ஆகியவற்றால் குணமாகிறவர்கள் ஏராளம். விந்தகப் புற்றுநோய் பரவிய பிறகும் சிஸ்பிளாட்டின் அடங்கிய கீமோவால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள், அதற்கு எந்த மரபணுப் பொருத்தமும் தேவைப்படவில்லை.

வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டுமா?

கட்டிக்குள் மட்டும் ஏற்பட்ட மாற்றம் என்றால் அது பிள்ளைகளுக்குப் போகாது, கவலை வேண்டாம். பி.ஆர்.சி.ஏ. போன்ற பிறவி மாற்றம் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆண் பெண் வித்தியாசம் இல்லை. அப்பாவிடமிருந்தும் மகளுக்கு வரும். கட்டியைப் பரிசோதித்தபோது இப்படி ஒன்று தென்பட்டால், அது பிறவியா என்று ரத்தத்தில் தனியாக உறுதிசெய்த பிறகு சொல்லுங்கள். டி.பி.ஒய்.டி. குறையையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள். அதனால் அவர்களுக்குப் புற்றுநோய் வராது. ஆனால் என்றாவது ஒருநாள் அவர்களில் ஒருவருக்கு இந்தக் கீமோ தேவைப்பட்டால், முதல் டோஸுக்கு முன்பே மருத்துவரிடம் காட்ட உங்கள் ரிப்போர்ட்டின் ஒரு நகல் அவர்கள் கையில் இருக்கட்டும்.